இலக்குக்கும் ஒரு பேரேடு வேண்டும்

நம் கடையில் துவரம் பருப்பு எத்தனை மூட்டை இருப்பு, எந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு பாக்கி, மொத்த வியாபாரிக்கு எந்தக் கிழமை பணம் கட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ஏட்டைப் புரட்டாமலே பதில் சொல்லிவிடுவோம். "இன்னும் ஐந்து ஆண்டில் இந்தக் கடை எந்த நிலையில் இருக்க வேண்டும்?" என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவோம். "ஏதோ ஆண்டவன் புண்ணியத்தில் ஓடுகிறது, இப்படியே ஓடினால் போதும்" என்பதுதான் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்.

சித்திரை பிறந்தால் நாம் புதுக்கணக்குப் போடுகிறோம். புது ஏட்டுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, பிள்ளையார் சுழி போட்டு, பழைய ஏட்டின் இருப்பையும் பாக்கியையும் புது ஏட்டில் கொண்டுவந்து எழுதுகிறோம். ஒரு ரூபாய் பாக்கிகூட விடுபடுவதில்லை. ஆனால் சென்ற ஆண்டு நாம் நினைத்து, செய்யாமல் விட்ட காரியங்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கடையை விரிவாக்க வேண்டும், வட்டிக் கடனை அடைக்க வேண்டும், மகளின் படிப்புக்குச் சேர்க்க வேண்டும், சர்க்கரை நோய்க்குச் சோதனை செய்து கொள்ள வேண்டும் என்று நினைத்தவை எல்லாம் எழுதப்படாத கடனாகவே நின்று, ஒரு நாள் வட்டியும் முதலுமாக வந்து கேட்கின்றன.

இலக்கு வைப்பதும் அதை நிறைவேற்றுவதும் பெரிய நிறுவனங்களின் வேலை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. சிறு கடைக்காரர் இருவர் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

ஐந்து ஆண்டுக்கு ஒரு குறி

1945-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிற்றூரில் 27 வயது இளைஞர் ஒருவர் பலசரக்குக் கடை ஒன்றை விலைக்கு வாங்கினார். ஊரின் மக்கள் தொகை சுமார் 7,000. கடையின் விலை 25,000 டாலர். அதில் 5,000 அவருடைய சொந்தப் பணம், 20,000 மாமனார் கொடுத்த கடன். பின்னாளில் வால்மார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய சாம் வால்டன்தான் அந்த இளைஞர்.

அவர் முதலில் விரும்பியது வேறு. செயின்ட் லூயிஸ் என்ற பெரிய நகரத்தில் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து பெரிய கடை எடுக்க நினைத்தார். அவர் மனைவி ஹெலன் இரண்டு நிபந்தனை சொன்னார். கூட்டு வியாபாரம் கூடாது, பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட ஊரில் குடியிருக்க மாட்டேன் என்பவை அவை. வால்டன் இரண்டையும் ஏற்றுக் கொண்டார். சிற்றூர்களில் கடை வைப்பதே பின்னாளில் அவருடைய வியாபாரத்தின் பலமாக அமைந்தது. வீட்டாரோடு கலந்து பேசி வைத்த இலக்கு வியாபாரத்துக்குத் தடையாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

வாங்கும்போது கடையின் ஆண்டு விற்பனை 72,000 டாலர். எதிர் வரிசையில் இருந்த போட்டிக் கடையின் விற்பனை அதைப் போல் இரு மடங்கு. இந்த நிலையில் வால்டன் தனக்கு ஒரு குறி வைத்துக் கொண்டார். ஐந்து ஆண்டுக்குள் தன் கடை அம்மாநிலத்தில் அந்த வகைக் கடைகளில் மிகச் சிறந்ததாகவும் அதிக லாபம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்பதே அது.

வெறும் "முன்னேற வேண்டும்" என்று அவர் நினைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எங்கே, எவ்வளவு, எதற்குள் என்ற மூன்றும் அந்த இலக்கில் இருந்தன. அதனால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து "நெருங்கினோமா, விலகினோமா" என்று சொல்ல முடிந்தது.

அதற்காக அவர் செய்தவை நாம் செய்ய முடியாதவை அல்ல. எதிர்க் கடைக்குப் போய் விலையையும் சரக்கு அடுக்கும் முறையையும் பார்த்து வந்தார். குறைந்த விலைக்குச் சரக்குத் தருபவரைத் தேடி அலைந்து, வாங்கிய விலைக் குறைவை வாடிக்கையாளருக்கே கொடுத்தார். கடை வாசலில் சோளப்பொரி இயந்திரம் வைத்தார். அதற்குக் கூட்டம் சேர்ந்ததும், வங்கியில் 1,800 டாலர் கடன் வாங்கி ஐஸ்கிரீம் இயந்திரமும் வைத்து, அந்தக் கடனை இரண்டு மூன்று ஆண்டில் அடைத்தார். விற்பனை முதல் ஆண்டில் 1,05,000 டாலர், அடுத்து 1,40,000, பிறகு 1,75,000 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 2,50,000-ஐத் தொட்டது. இலக்கு நிறைவேறியது.

ஒரு வரி விடுபட்டதால் வந்த வினை

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1950-இல் ஐந்து ஆண்டு வாடகை ஒப்பந்தம் முடிந்தது. அதைப் புதுப்பிக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க வால்டன் தவறியிருந்தார். நன்றாக ஓடும் கடையைத் தன் மகனுக்குக் கொடுக்க விரும்பிய கட்டிட உரிமையாளர், எவ்வளவு கேட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். ஊரில் வேறு பொருத்தமான இடமும் இல்லை. சரக்குக்கும் தளவாடத்துக்கும் விலை கிடைத்தது. ஐந்து ஆண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளரும், பழகிய ஊரும் கை நழுவின. விற்பனையில் நூற்றுக்கு ஐந்து வாடகை என்ற மிக அதிகமான விகிதத்தையும் அவர் விவரம் தெரியாமலே ஒப்புக் கொண்டிருந்தார்.

தன் வியாபார வாழ்க்கையில் மிகவும் தாழ்ந்த கட்டம் அதுதான் என்று அவர் பின்னர் எழுதினார். பழியைக் கட்டிட உரிமையாளர் மீது போடாமல், ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காத தன் மீதே போட்டுக் கொண்டார். அதே ஆண்டில் பெண்டன்வில் என்ற இன்னும் சிறிய ஊரில், ஆண்டுக்கு 32,000 டாலர் மட்டுமே விற்ற கடை ஒன்றை வாங்கினார். கடையை அகலப்படுத்துவதற்காகப் பக்கத்து முடிதிருத்தும் கடை இடத்தையும் எடுத்தார். இந்த முறை 99 ஆண்டுக் குத்தகை எழுதி வாங்கிக் கொண்டார். 12 ஆண்டு கழித்து, 1962-இல், ராஜர்ஸ் என்ற ஊரில் முதல் வால்மார்ட் கடை திறக்கப்பட்டது.

வால்மார்ட் போன்ற பெரிய வணிகத்தால் சிறு கடைகளுக்கு வந்த நெருக்கடியை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் இந்தப் பாடம் நமக்கே உரியது. விற்பனை இலக்கு வைக்கும் நாம், அந்த இலக்கு எந்தக் கால்களின் மேல் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. இடம், முதல், உடல்நலம், உரிமங்கள் ஆகிய நான்கில் ஒன்று முறிந்தாலும் விற்பனை நிற்காது. நம்மில் பலர் இன்றும் வாய்மொழியாகவோ, பதினொரு மாத ஒப்பந்தத்தை அடுத்தடுத்து எழுதியோ கடை நடத்துகிறோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. இந்த ஆண்டின் இலக்கை எழுதுமுன் நம் கடையின் ஒப்பந்தத்தை எடுத்து, அது முடியும் தேதியை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சிவப்பு மை கோடு போட்ட சிறு ஏடு

நியூபோர்ட்டில் வால்டன் நடத்திய கடை பென் பிராங்க்ளின் என்ற பெயர் கொண்ட கடை வரிசையில் ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவரான பெஞ்சமின் பிராங்க்ளினை நாம் அறிவியலறிஞராகவும் அரசியல் தலைவராகவும் படித்திருப்போம். அவரும் அடிப்படையில் ஒரு கடைக்காரரே. பிலடெல்பியா நகரில் அச்சகமும் காகிதக் கடையும் நடத்தி, கடனை அடைத்து, 1748-இல் தம் 42-ஆம் வயதில் நேரடி வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.

இளம் வயதில் அவர் சிக்கனம், சுறுசுறுப்பு, ஒழுங்கு, அளவான பேச்சு முதலான 13 நற்பழக்கங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கைக்கொள்ள முடிவு செய்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்தால் கவனம் சிதறும் என்று உணர்ந்து, வாரத்துக்கு ஒன்றை மட்டும் முதன்மையாக எடுத்துக் கொண்டார். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு 52 வாரம் ஆதலால் நான்கு சுற்று.

இதற்கென ஒரு சிறு ஏடு தைத்து, பக்கந்தோறும் சிவப்பு மையால் கோடு போட்டு, நெடுக்கில் வாரத்தின் ஏழு நாட்களும் குறுக்கில் 13 பழக்கங்களுமாகக் கட்டம் கட்டினார். ஒவ்வொரு இரவும் அன்றைய நாளைச் சோதித்து, தவறிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். நாம் இரவில் கல்லாவை எண்ணிச் சரிபார்ப்பது போல அவர் தம்மைச் சரிபார்த்துக் கொண்டார். புள்ளிகளை அழித்து அழித்து ஏட்டில் ஓட்டை விழவே, துடைத்து எழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்கு அதை மாற்றினார் என்றால் எத்தனை முறை தவறியிருப்பார் என்று நாமே கணித்துக் கொள்ளலாம்.

அவருக்கு மிகவும் தொல்லை கொடுத்தது ஒழுங்கு என்ற பழக்கம். பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பதும் வேலைகளை அதனதன் நேரத்தில் செய்வதும் கடைசி வரை அவருக்குக் கைகூடவில்லை. முழுமை எட்டவில்லை என்றாலும், முயன்றதால் முன்பைவிட நல்ல மனிதராகவும் மகிழ்ச்சியுள்ளவராகவும் ஆனதாக முதுமையில் அவர் எழுதி வைத்தார். இலக்கை விட்டு ஒரு வாரம் விலகியதும் ஏட்டையே மூடிவிடும் நமக்கு இது ஆறுதலான செய்தி. ஒரு நாள் கல்லாவில் பணம் குறைந்தால் நாம் கடையை மூடிவிடுவதில்லையே.

நம் கடைக்கு ஒரு முறை

நாம் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, மூன்று பக்கம் ஒதுக்குவோம். ஒன்று கடைக்கு, ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று உடம்புக்கு. பக்கத்துக்கு ஓர் இலக்கு போதும். ஒவ்வோர் இலக்கிலும் தொகையோ அளவோ ஒன்றும், முடிக்கும் தேதி ஒன்றும் இருக்க வேண்டும்.

முதலில் கடை. எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளரிடம் நிற்கும் பழைய பாக்கி 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். "பாக்கியை வசூலிக்க வேண்டும்" என்று எழுதினால் அது ஆசைதான். வாரம் 2,500 ரூபாய் என்று எழுதினால் 48 வாரத்தில் முடியும். பண்டிகை, திருமணம், மழை என்று தவறும் வாரங்களுக்கு மேலும் நான்கு வாரம் கையில் இருக்கிறது. பெரிய தொகையைக் கேட்கப் போய் வாடிக்கையாளரை இழக்காமல், வாரம் இருவரிடம் இதமாகப் பேசினாலே இது ஆகும். பழைய பாக்கி இறங்கும்போது புதுப் பாக்கி ஏறினால் பயன் இல்லை. ஆகவே அதே பக்கத்தில் புதுக் கடனுக்கு ஓர் உச்ச வரம்பையும் எழுதிக் கொள்ள வேண்டும்.

அடுத்தது குடும்பம். சம்பளக்காரருக்கு வருங்கால வைப்பு நிதி தானாகப் பிடிக்கப்படுகிறது. நமக்குப் பிடிப்பவர் யாரும் இல்லை. கல்லாவில் இருப்பதெல்லாம் சரக்காக மாறிவிடும். 1968-இல் வந்த பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதியை அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிக அளவாக ஒன்றரை லட்சம் வரை போடலாம். முதிர்வுக் காலம் 15 ஆண்டு. மாதம் 1,000 ரூபாய் போட்டால் முதல் மட்டும் 1,80,000 சேரும், வட்டி தனி. எந்தத் திட்டமானாலும் சரக்குக்குப் பணம் எடுக்குமுன் இதற்கு எடுத்து வைப்பதுதான் முக்கியம்.

மூன்றாவது உடம்பு. காலை முதல் இரவு வரை நின்றும் உட்கார்ந்தும் கடையில் இருக்கும் நமக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, நடை இல்லை. கடை திறக்குமுன் அரை மணி நேர நடையும், ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை சோதனையும் இந்தப் பக்கத்தின் இலக்காக இருக்கலாம். தராசைச் சரிபார்த்து முத்திரை வாங்கத் தவறாத நாம், தராசைப் பிடிக்கும் கையைச் சரிபார்க்க மறந்துவிடக் கூடாது.

இரவு கல்லா எண்ணி முடித்தவுடன் இந்த நோட்டைத் திறந்து, செய்ததற்கு ஒரு டிக், தவறியதற்கு ஒரு புள்ளி வைப்போம். ஒரு நிமிட வேலைதான். ஞாயிறு மாலை மூன்று பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்போம். தொடர்ந்து நான்கு வாரம் புள்ளியாகவே இருந்தால், இலக்கின் அளவு நம் சக்திக்கு மீறியதா, அல்லது நாம்தான் அசட்டையாக இருக்கிறோமா என்று பார்த்துத் திருத்திக் கொள்வோம்.

இலக்கை ஒருவரிடமாவது சொல்லி வைப்பது இன்னும் நல்லது. நிறுவனம் குறிப்பிட்ட லாப விகிதத்தை எட்டினால் நியூயார்க்கின் வால் தெருவில் ஹவாய் நடனம் ஆடுகிறேன் என்று வால்டன் தம் ஊழியர்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் அதை எட்டிக் காட்டவே, 1984-இல் தம் 65-ஆம் வயதில், புல் பாவாடை கட்டிக் கொண்டு நடுத்தெருவில் ஆடினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மனைவியிடமோ, பக்கத்துக் கடைக்காரரிடமோ, சங்கக் கூட்டத்தில் நண்பரிடமோ சொன்னால் போதும். அடுத்த மாதம் "என்ன அண்ணாச்சி, பாக்கி எவ்வளவு இறங்கியது?" என்று அவர் கேட்பார் என்ற எண்ணமே நம்மை வேலை செய்ய வைக்கும்.

இதற்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று இரவு கடை அடைக்குமுன் மூன்று பக்கத்துக்கும் தலைப்பு எழுதி, முதல் வரியைப் போட்டுவிடுவோம். அடுத்த புதுக்கணக்கின்போது சரக்கிருப்போடும் பாக்கியோடும், நிறைவேறிய காரியங்களின் கணக்கும் புது ஏட்டில் ஏறட்டும்.