பதிவேட்டில் பெயர் வருமா?

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன் வரும் ஊர் வித்துரா. திருவனந்தபுரம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். மேலே பொன்முடி, போனக்காடு ஆகிய தேயிலைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் இன்று இந்தப் பகுதியின் பள்ளிகளில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு ஜூன் மாதத்தில் அங்கே ஒரு தாயைச் சந்தித்தேன். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். அந்தச் சகோதரி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மூத்த மகளின் சான்றிதழை எடுத்து என் கையில் கொடுத்தார். வழவழப்பான தாள், பொன்னிற எழுத்து, பெரிய முத்திரை. "நர்சிங் டிப்ளமா" என்று அச்சிடப்பட்டிருந்தது. கூடவே ஒரு புகைப்படம்: வெள்ளைச் சீருடையில், கையில் மெழுகுவர்த்தியுடன் நிற்கும் மகள்.

"அண்ணாச்சி, நகையை அடகு வைத்துத்தான் இவளைப் படிக்க வைத்தோம். ஒரு வருஷம் படித்தாள். வேலைக்குப் போன இடத்தில் கவுன்சில் பதிவு எண் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. இப்போது சின்னவள் பத்தாம் வகுப்பு. அவளும் நர்சு ஆக வேண்டும் என்கிறாள். இந்த முறை முதலில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?"

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று நான் கூறிய பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன். சென்னையிலோ, பெங்களூரிலோ, மும்பையிலோ குடியேறி வாழும் நம் குடும்பங்கள் அநேகம் இதே கேள்வியோடு நிற்கின்றன.

கேட்கவேண்டிய ஒரே கேள்வி

செவிலியர் படிப்பு என்று எவர் உங்களிடம் வந்தாலும், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் என் மகளின் பெயர் மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறுமா?"

இந்தியாவில் செவிலியர் கல்வியின் தரத்தை ஒழுங்குபடுத்த 1947ஆம் ஆண்டில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1926ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் பதிவு முறை உண்டு. கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் தத்தம் கவுன்சில்கள் உள்ளன. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எத்தனை ஆண்டுகள் படுக்கையருகே உழைத்திருந்தாலும் சட்டத்தின் முன் பதிவுபெற்ற செவிலியர் அல்லர். அரசுப் பணிக்கும் அவர் விண்ணப்பிக்க இயலாது. வெளிநாட்டு வேலைக்கும் இயலாது.

பதிவேட்டிற்குக் கொண்டுசெல்லும் அடிப்படைப் படிப்புகள் மூன்று. முதலாவது, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். இரண்டாவது, மூன்று ஆண்டு ஜி.என்.எம். என்னும் பட்டயப் படிப்பு. மூன்றாவது, இரண்டு ஆண்டு ஏ.என்.எம். இதை முடித்தவர்கள் துணைச் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பதிவு பெறுகிறார்கள். கேரளத்தில் ஊர்தோறும் தடுப்பூசி போடவும் கர்ப்பிணிகளைக் கவனிக்கவும் வரும் ஜூனியர் பொதுச் சுகாதார நர்சுகள் இந்த வகையினரே. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் முடியும் படிப்பு எதுவும் இந்த மூன்றில் சேராது.

சமுதாயக் கல்லூரியில் நர்சிங்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள உறவினர்கள், "இங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்தே நர்சு ஆகிவிடலாம்" என்று தொலைபேசியில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையே. மில்ட்ரெட் மான்டாக் என்னும் செவிலியர் கல்வியாளரின் யோசனையின்படி 1952ஆம் ஆண்டில் அங்கே சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்ட திட்டம் அது. இரண்டாண்டுப் படிப்பை முடித்தவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் அங்கே ஒரே உரிமத் தேர்வை எழுதுகிறார்கள்.

நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. 1995ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996ஆம் ஆண்டில் சென்னைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் இவற்றைத் தொடங்கின. பள்ளிப் படிப்பு இடையில் நின்றுபோன அநேக ஏழைப் பிள்ளைகளுக்கு அவை கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தன. ஆனால் இவ்வகைக் கல்லூரிகளின் மருத்துவத்துறைப் படிப்புகள் பிள்ளைகளை உடல்நல உதவியாளராக ஆயத்தப்படுத்துபவை. நோயாளியைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், நடக்கப் பழக்கவும் கற்றுத்தருகின்றன. அது கண்ணியமான வேலை. வீட்டில் முதியோர் இருக்கும் எவரும் அதன் அருமையை அறிவர். ஆனாலும் அந்தச் சான்றிதழ் கவுன்சில் பதிவேட்டின் கதவைத் திறக்காது.

உதவியாளர் படிப்பை உதவியாளர் படிப்பு என்றே சொல்லிச் சேர்க்கிறவர் நேர்மையானவர். அதையே நர்சிங் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

விண்ணப்பம் பத்தாம் வகுப்பில் தொடங்குகிறது

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபின் விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவைத் தெரிந்துகொள்கிறோமோ அங்கேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

பி.எஸ்சி. நர்சிங்கிற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்கள் அவசியம். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள குறைந்த அளவு 45 விழுக்காடு. மாநிலங்கள் இதற்கு மேலும் கேட்கலாம். ஜி.என்.எம். படிப்பிற்குக் கவுன்சிலின் விதி, ஆங்கிலத்துடன் 40 விழுக்காடு பெற்ற எந்தப் பிரிவினரையும் அனுமதிக்கிறது. ஆனால் அறிவியல் பிரிவினருக்கே முன்னுரிமை. ஏ.என்.எம். படிப்பிற்கு எந்தப் பிரிவும் போதும்.

மூத்த மகள் வணிகவியல் படித்தவள். பி.எஸ்சி. வழி அவளுக்கு அடைபட்டது என்பது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளை செவிலியராக விரும்பினால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே பள்ளி ஆசிரியரிடம் சென்று பேசுங்கள். உயிரியல் உள்ள பிரிவு அருகிலுள்ள பள்ளியில் இல்லையென்றால், இருக்கும் பள்ளியைத் தேடுங்கள்.

யாரிடம் விண்ணப்பிப்பது?

கேரளத்தில் அரசு நர்சிங் கல்லூரிகளின் இடங்களும், சுயநிதிக் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் திருவனந்தபுரத்திலுள்ள எல்.பி.எஸ். மையத்தின் வழியாக நிரப்பப்படுகின்றன. நெடுங்காலமாகப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைந்துவந்துள்ளது. ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகியவற்றிற்கான அரசுப் பள்ளிகள் சுகாதாரத்துறையின் கீழ் தனி அறிவிப்பு வெளியிடுகின்றன. தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வித்துறையின் தேர்வுக்குழு பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வை நடத்துகிறது.

தேர்வு முறையும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அந்த ஆண்டின் விவரத் தொகுப்பே முடிவான சொல். அதை இணையதளத்திலிருந்து எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பக்கத்து வீட்டார் போன ஆண்டு செய்ததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்கும்போது, உண்மையிலேயே முதலில் வேண்டியதை முதலில் எழுதுங்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் வந்தபின் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தாவிட்டால் இடம் கைநழுவும். மலைப்பகுதியில் மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் நின்றுபோவது வழக்கம். ஆகவே கடைசி நாளை உங்கள் கடைசி நாளாக வைக்காமல், மூன்று நாளுக்கு முன்பே அக்ஷயா மையத்திற்குச் சென்றுவிடுங்கள்.

பெங்களூர் போன்ற வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்புகிறவர்கள் மேலும் இரண்டு காரியங்களை விசாரிக்க வேண்டும். பி.எஸ்சி. பட்டம் தருவது பல்கலைக்கழகமே. கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கேரளத்தில் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை இதற்கென உள்ளன. கல்லூரி இணைவு பெற்றுள்ளதா என்று பல்கலைக்கழகப் பட்டியலிலும், கவுன்சில்களின் பட்டியலிலும் நீங்களே பாருங்கள். முகவர் காட்டும் வண்ணத் தாள் சாட்சியாகாது.

புலம்பெயர்ந்தோரின் தனித் தடை

மதிப்பெண் இருந்தும் நம் பிள்ளைகள் தடுமாறுவது காகிதத்தில். அப்பாவின் பெயர் குடும்ப அட்டையில் ஜெபராஜ், பள்ளிப் பதிவேட்டில் ஜபராஜ், ஆதாரில் செபராஜ். தமிழ்ப் பெயர் மலையாளத்திற்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்திற்குப் போகும்போது இப்படி உருமாறுகிறது. தமிழ்நாட்டு வழக்கப்படி போடும் முன்னெழுத்தும் ஓரிடத்தில் விரிந்தும், ஓரிடத்தில் சுருங்கியும் நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் காலத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது பிறப்பிடச் சான்று. எவர் கேரளத்தவர், எவர் பிற மாநிலத்தவர் என்பதற்கு விவரத் தொகுப்பில் தெளிவான விதிகள் உண்டு. எத்தனை ஆண்டு இங்கே வசித்தீர்கள், பிள்ளை எந்த வகுப்பு முதல் இங்கே படித்தது என்பவற்றிற்குச் சான்று ஆயத்தமாக இருக்கட்டும்.

மூன்றாவதே அநேகருக்குத் தெரியாதது. பட்டியல் சாதியினர் என்னும் தகுதி, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்தது என்பதைப் பொறுத்தது. அதற்குப் பின் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள், புதிய மாநிலத்தின் கல்வி இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பாட்டனார் எந்த ஆண்டில் தோட்டத்திற்கு வந்தார் என்பது பேத்தியின் விண்ணப்பத்தில் எண்ணப்படுகிறது. பழைய தோட்டப் பதிவு, ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை ஏடு ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள்.

நம் விசுவாசக் குடும்பங்களுக்கு மேலும் ஒரு காரியம். அதே ஆணையின்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுகிறார்கள். கிறிஸ்தவராக மாறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றன. கேரளத்திலும் அவர்களுக்குத் தனி வகைப்பாடு உண்டு. எது உண்மையோ அதை மட்டுமே எழுதுங்கள். சலுகைக்காக வேறொன்றை எழுதி, பின்னர் சரிபார்ப்பில் இடத்தை இழந்த பிள்ளையின் கண்ணீரை எவரும் துடைக்க முடியாது. உங்களுக்கு உரிய சான்று எது என்று கிராம அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

பணத்திற்கு என்ன வழி?

நகையை அடகு வைப்பதற்கு முன் வங்கிக்குச் செல்லுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி, 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கப்படுவதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் மறைந்துள்ளது. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று வங்கியும் விசாரிக்கும். வங்கி தயங்கும் கல்லூரியைப் பற்றி நீங்களும் இருமுறை யோசியுங்கள்.

மூத்தவளுக்கும் வழி உண்டு

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 1946ஆம் ஆண்டில் அங்கே பட்டப்படிப்பு வந்தது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நிபா நோயாளியைக் கவனித்து, அந்த நோயினாலேயே உயிர்நீத்த செவிலியர் லினியை நாடே அறியும். அவர் பணியாற்றியது பெருநகர மருத்துவமனையில் அல்ல. வித்துராவில் உள்ளதைப் போன்ற ஒரு தாலுகா மருத்துவமனையில்தான். இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் தொழிலுக்குச் செல்லும் பிள்ளையை அரைகுறைச் சான்றிதழோடு அனுப்பலாமா?

அன்று வித்துராவில் விடைபெறும்போது மூத்த மகள் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "மாமா, எனக்கு இனிமேல் முடியாதா?"

முடியும் என்றேன். ஜி.என்.எம்., ஏ.என்.எம். படிப்புகளுக்குக் கவுன்சிலின் விதி 35 வயது வரை அனுமதிக்கிறது. அரசுப் பள்ளிகளில் மாநிலம் அதைவிடக் குறைந்த வயது வரம்பு வைக்கக்கூடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. அந்த ஓராண்டுப் படிப்பு கணக்கில் சேராது. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பழகிய கைகள் அவளுக்கு உண்டு. அதை எவரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

தாயார் அந்தப் பொன்னெழுத்துச் சான்றிதழை உறைக்குள் வைத்துவிட்டு, மூத்தவளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்தார். இரண்டு பிள்ளைகளின் காகிதங்களையும் தனித்தனி உறையில் போட்டார். மறுநாள் காலை கிராம அலுவலகம் திறக்கும் நேரம் என்னவென்று இளையவளிடம் கேட்டார்.