ஒரே தெருவில் நான்கு வழிபாட்டுத் தலங்கள்

பினாங்கு என்றதும் நமக்குத் தைப்பூசமும் தண்ணீர்மலையும் நினைவுக்கு வருகின்றன. நம் பாட்டன் பாட்டிமாருக்கோ அது இந்நாட்டின் தலைவாசல். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய பலர் முதலில் கால்வைத்த கரை அதுவே. அத்துறைமுக நகரான ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு தெருவைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

முதலில் நில அமைப்பைப் பார்ப்போம். பினாங்குத் தீவு மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில் இருக்கிறது. அதன் கிழக்கே, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் பெருநிலம். இடைப்பட்ட கடலில் அலை அடங்கியிருப்பதால் கப்பல்கள் அச்சமின்றி நங்கூரமிடலாம். கெடா சுல்தானுக்குரிய இத்தீவில் 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். வடகிழக்கு முனையில் நகரம் எழுந்தது. துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்கவரி இல்லை என்றதும் பல நாட்டு வணிகர்களும் உழைப்பாளிகளும் வந்து குவிந்தனர்.

வந்தவர்கள் தத்தம் தெய்வத்தையும் உடன் கொண்டுவந்தனர். முன்பு பிட் தெரு எனப்பட்ட மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் வடக்கிலிருந்து நடந்து பாருங்கள். முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல், இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அடுத்து, 1800-ஆம் ஆண்டைச் சேர்ந்த சீனரின் குவான் யின் ஆலயம். பக்கத்துக் குவீன் தெருவை நோக்கி, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதற்கப்பால், 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மைதீன் நிறுவிய பள்ளிவாசல். எல்லாம் பத்து நிமிட நடைக்குள் அடக்கம்.

அப்படியானால் இங்கே சண்டையே நடந்ததில்லையா? நடந்தது. 1867 ஆகஸ்டில் பத்து நாள்கள் பெருங்கலகம் மூண்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் சீனரின் கீ ஹின் சங்கமும் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிக் கூட்டமும். எதிர்ப்பக்கம் சீனரின் தோ பே கோங் சங்கமும் முஸ்லிம்களின் சிவப்புக்கொடிக் கூட்டமும். இரு அணிகளிலும் இரு சமயத்தாரும் இருந்தனர். மோதியவை ஆதிக்கம் தேடிய சங்கங்கள், சமயங்கள் அல்ல.

இன்று தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும்போது சீனரும் தேங்காய் உடைக்கிறார்கள். இந்நகரை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பல்சமய வாழ்வும் ஒரு காரணம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயத்தில் நம்மவரோடு மட்டுமே வாழ்ந்த பிள்ளைகள் இப்போது அடுக்குமாடி வீடுகளில் வேற்றுச் சமயத்தாருக்கு அண்டை வீட்டுக்காரர்கள். அடுத்த தைப்பூசத்துக்குப் போகும்போது அவர்களை இத்தெருவிலும் ஒருமுறை நடத்திச் செல்வோம். அண்டை வீட்டாரின் வழிபாட்டை மதிக்க ஏட்டைவிட அந்தத் தெரு எளிதாகக் கற்றுக்கொடுக்கும்.