ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

கிரிக்கெட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அதைக் காட்டும் உரிமை யாருக்கு? இதற்காகப் பெரிய வழக்கே நடந்தது.

1993 நவம்பர் மாதம். வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. ஆட்டத்தைக் காட்டும் உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அரசுக்கு இது பிடிக்கவில்லை. நிறுவனம் கொண்டுவந்த கருவிகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது.

சங்கம் நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. படமும் ஒலியும் வானில் அலைகளாக வருகின்றன. அந்த அலைகள் மக்களின் பொதுச் சொத்து. அரசு மட்டுமே அவற்றைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. பணம் உள்ளவர் இஷ்டத்துக்கும் விடக் கூடாது. பொது நன்மையைப் பார்த்து ஒழுங்கு செய்ய வேண்டும். ஊர் ஏரித் தண்ணீரைப் பங்கிடுவது போலத்தான் இதுவும்.

பிறகு தனியார் சேனல்கள் பெருகின. கோடிக்கணக்கில் கொடுத்து உரிமை வாங்கின. கேபிளுக்குப் பணம் கட்ட முடியாதவர் வீட்டில் ஆட்டம் எப்படித் தெரியும்?

2007-இல் ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனுக்கும் தர வேண்டும். சும்மா அல்ல. தூர்தர்ஷனுக்கு வரும் விளம்பரப் பணம் 100 ரூபாயில், 75 ரூபாய்க்குக் குறையாமல் அந்தச் சேனலுக்குப் போகும்.

இதிலும் ஒரு வழக்கு வந்தது. இப்படிப் பெற்ற ஆட்டத்தைத் தனியார் கேபிள் வழியாகக் காட்டக் கூடாது என்று 2017-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அப்போது வீட்டில் ஆன்டெனாவோ தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷோ இருக்க வேண்டியிருந்தது. இலவச டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. கருவி வாங்க ஒருமுறை செலவு உண்டு.