அப்பாவின் செட்டில்மென்ட், பிள்ளையின் எம்.பி.ஏ.

சென்னைக்குக் கப்பல் வருவது வடக்கே. ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம், எண்ணூரில் 2001 முதல் இயங்கும் காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. ஆனால் துறைமுகத்தை நிர்வகிப்பது எப்படி என்று எம்.பி.ஏ. பாடம் நடத்தும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருப்பது நகரின் தென்கோடியில், செம்மஞ்சேரியில். 2008-ல் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் அது. தண்டையார்பேட்டையிலோ எர்ணாவூரிலோ பி.காம். முடித்த ஒரு பிள்ளையிடம் அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ‘அது கப்பலுக்குப் போறவங்க படிக்கிறதாச்சே’ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

மற்றபடி எம்.பி.ஏ. பற்றிய பேச்சுக்கு இந்த வடசென்னைப் பக்கம் குறைவில்லை. கோடை வந்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கம்பத்துக்குக் கம்பம் விளம்பரம் தொங்கும். ‘டூயல் ஸ்பெஷலைசேஷன்’, ‘நுழைவுத் தேர்வு தேவையில்லை’, ‘வேலைக்கு நாங்கள் கேரண்டி’. டிகிரி முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பேச்சு ‘எந்த காலேஜ்’ என்று தொடங்கி ‘எவ்வளவு ஆகும்’ என்று முடிகிறது. இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போகிறது: இந்தப் பட்டத்தை யார் கேட்கிறார்கள்?

ஆங்கில வைத்தியம் பார்க்கிறவரிடம் எம்.பி.பி.எஸ். கேட்கிறது சட்டம். மேனேஜர் நாற்காலியில் உட்காருகிறவரிடம் எம்.பி.ஏ. இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கம்பெனிக்கு வேண்டுமானால் கேட்கும், வேண்டாமென்றால் விட்டுவிடும். அதனால் பொதுவான எம்.பி.ஏ.வின் மதிப்பு முழுக்க முழுக்க அதைக் கொடுத்த கல்லூரியின் பெயரில் இருக்கிறது. பெயருள்ள இடத்தில் நுழைவது கஷ்டம். பெயரில்லாத இடத்தில் நுழைவது சுலபம், கஷ்டமெல்லாம் வெளியே வந்த பிறகு.

வாசலில் என்ன கேட்கிறார்கள்?

ஐ.ஐ.எம்.களுக்கான ‘கேட்’ தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும். இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம். பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் எழுதலாம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. எழுதுவதற்குத்தான் இந்த அளவுகோல். நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும்போது பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. பதினைந்து வயதில் கோட்டைவிட்ட மார்க் இருபத்திரண்டு வயதில் குறுக்கே வந்து நிற்கும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்ல வீட்டில் யாராவது ஏற்கெனவே அந்தத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் அப்படி ஒருவர் இருக்க வழியில்லை.

நமக்குக் கைக்கெட்டும் வாசல் டான்செட் நுழைவுத் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது, பெரும்பாலும் மார்ச் வாக்கில். இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். பட்டத்தில் 50 சதவீதம், தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. இந்த மார்க்கை வைத்து அரசுக் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கவுன்சலிங் நடக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டு, ஆலையில் சேர்ந்து, ஷிஃப்ட்டுக்கு நடுவே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எம்.பி.ஏ.வுக்குப் பதிலாகச் சில நிறுவனங்கள் கொடுக்கும் பி.ஜி.டி.எம். என்பது பட்டம் அல்ல, பட்டயம். ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருந்தால் தனியார் வேலைக்கு எந்தக் குறையும் இல்லை. அரசு வேலைக்கும் பிஎச்.டி.க்கும் போகும்போது எம்.பி.ஏ.வுக்கு இணையானது என்ற சான்று கேட்பார்கள். ஐ.ஐ.எம்.களே பல பத்தாண்டுகளாகப் பட்டயம்தான் கொடுத்துவந்தன, 2017-ன் ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் கொடுக்கும் அதிகாரம் வந்தது. தொலைதூரக் கல்வி எம்.பி.ஏ.வும் நேரடி வகுப்பு எம்.பி.ஏ.வும் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்துவிட்டது. படிப்பை நடத்தும் நிறுவனம் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கஸ்டம்ஸ் ஹவுஸ் கணக்கு

இப்போது அந்த விட்டுப்போன கேள்விக்கு வருவோம். பட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும் வேலைகள் இந்தத் துறைமுகப் பகுதியிலேயே இருக்கின்றன.

ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ். அதன் பின்னால் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு எங்கும் சி.எச்.ஏ. எனப்படும் கஸ்டம்ஸ் புரோக்கர்களின் ஆபீஸ்கள். இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி போடுவது, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் போடுவது, சரக்குக்கு எந்த வரி விகிதம் என்று வகைப்படுத்துவது, சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் சரக்கு நிலையத்திலிருந்து பெட்டியை வெளியே எடுத்து டிரெய்லரில் ஏற்றுவதுவரை இவர்கள் வேலை. இங்கே சேரும் பையன் முதலில் கஸ்டம்ஸ் தரும் ஹெச் கார்டு வாங்குவான், பிறகு தேர்வு எழுதி ஜி கார்டு. உரிமமே சொந்தமாக வேண்டும் என்றால் 2018-ன் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகளைப் புரட்ட வேண்டும்.

அதில் உள்ள தகுதி இது. முதலில் ஒரு பட்டம். அதோடு எம்.பி.ஏ., சி.ஏ., எல்.எல்.பி. போன்ற ஒரு தொழிற்பட்டமோ, சுங்க வேலையில் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோவோ இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையா? ஜி கார்டு வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு வேலை பார்த்த அனுபவம் போதும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு.

இரண்டு வருட எம்.பி.ஏ.வையும் இரண்டு வருட ஜி கார்டு அனுபவத்தையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது விதி. ஒன்றுக்கு நாம் பணம் கட்ட வேண்டும், இன்னொன்றுக்கு நமக்குச் சம்பளம் வரும். ராயபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள இந்தக் கணக்கை எந்தக் கம்பத்து விளம்பரமும் சொல்வதில்லை.

துறைமுகத்துக்கு உள்ளேயும் வேலையின் முகம் மாறிவிட்டது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இங்கிருந்து போயின, நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. தாத்தா முதுகில் சுமந்த சரக்கை இன்று கிரேன் தூக்குகிறது. எந்தப் பெட்டி யார்டில் எந்த வரிசையில் இருக்க வேண்டும், கப்பலில் எது கீழே எது மேலே என்று திரையைப் பார்த்து முடிவு செய்கிறவர்தான் இப்போது வேண்டியவர். கடல்சார் பல்கலைக்கழகத்தின் இரண்டு எம்.பி.ஏ.க்கள், அதாவது துறைமுகம் மற்றும் கப்பல் நிர்வாகமும் பன்னாட்டுப் போக்குவரத்து மற்றும் சரக்கு மேலாண்மையும், இந்த வேலைக்கென்றே வடிவமைத்தவை. பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் 50 சதவீதம் இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். கடலில் போய் வேலை செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆலைக்குள் ஒரு பதவி

துறைமுகத்தை விட்டுவிட்டு ஆலைகளைப் பார்ப்போம். எண்ணூர், திருவொற்றியூர், மணலி என்றால் வாகனம், சுத்திகரிப்பு, உரம், ரசாயனம். தொழிற்சாலைச் சட்டம், 1948-ன் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. வாசல் அகலமாகியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பதவிக்கு மனிதவள எம்.பி.ஏ. மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டு விதிகள் கேட்பது தொழிலாளர் நலம் சார்ந்து அரசு அங்கீகரித்த பட்டம் அல்லது பட்டயம். தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் நடத்தும் எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மையும் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயமும் அந்த வகை. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் பயமுறுத்தாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும்படி மாலை நேரத்திலும் வார இறுதியிலும் நடக்கும் பட்டயங்களும் அங்கே உண்டு. எழும்பூரில் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மனிதவளப் படிப்புக்குப் பல காலமாகப் பெயர் பெற்றது.

விதியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. நல அலுவலருக்குப் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். கேன்டீனில் எந்தப் பேச்சு கோபம், எந்தப் பேச்சு கிண்டல் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது? கான்ட்ராக்ட் ஆட்கள் இந்தியும் ஒடியாவும் பேசும் காலத்தில் கூட ஒரு மொழி கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

முப்பது வருட உழைப்பின் விலை

எனக்கு உறுத்துவது படிப்பைவிட அதற்குப் போகும் பணம். இந்தப் பகுதியில் எம்.பி.ஏ. கட்டணம் பெரும்பாலும் வங்கியிலிருந்து வருவதில்லை. ஓய்வு பெற்ற அப்பாவின் செட்டில்மென்டிலிருந்தும் வி.ஆர்.எஸ். பணத்திலிருந்தும் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பணிக்கொடை விதிப்படி ஓராண்டு வேலைக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து. கடைசியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 30,000 ரூபாய் வாங்கிய ஒருவர் 30 வருடம் வேலை பார்த்திருந்தால் அவருக்குப் பணிக்கொடை சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம். இரண்டு வருடத் தனியார் எம்.பி.ஏ., ஹாஸ்டல், பஸ், ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என்று போட்டால் இதைக் கரைப்பது பெரிய காரியமல்ல. பி.எஃப். ஓய்வூதியமோ, 15,000 ரூபாய் உச்சவரம்பில் கட்டியவருக்கு எவ்வளவு சர்வீஸ் போட்டாலும் மாதம் 7,500-ஐத் தாண்டாது. அதாவது முதுமைக்கென்று கையில் இருந்த மொத்தத் தொகை, வேலை நிச்சயமில்லாத ஒரு காகிதமாக மாறுகிறது.

கல்விக் கடன் வழி இருக்கிறதே என்பீர்கள். ஏழரை லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்பதில்லை. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியமும் உண்டு. ஆனால் அந்த மானியம் ஒருவருக்கு ஒரே ஒருமுறை, இளங்கலைக்கோ முதுகலைக்கோ. பி.இ. படிக்கும்போது அதைப் பயன்படுத்தியிருந்தால் எம்.பி.ஏ. கடனுக்கு முழு வட்டி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் கிடைக்கும், வருமான வரம்பு இரண்டரை லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிட்டு வந்து இவற்றைப் பற்றி விசாரிக்கிற குடும்பங்கள் உண்டு.

படித்து முடித்த பிள்ளை என்ன வேலைக்குப் போகிறது? இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் என்று டார்கெட் துரத்தும் ஃபீல்டு வேலை. அந்த வேலைக்கு பி.காம். போதும். அதே மேஜையில் எம்.பி.ஏ. இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இரண்டு வருட அனுபவம் அதிகம், கடன் குறைவு.

பட்டம் முடித்த கையோடு படித்தால்தான் உண்டு, வேலைக்குப் போய்விட்டால் கல்யாணம், குடும்பம் என்று படிப்பு நின்றுவிடும், பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக அப்படி, என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணத்தை வைத்துப் பார்த்தால் வேலைக்குப் பிறகு படிப்பதே இந்தப் பகுதிக்குப் பொருந்துகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ.வும், திருச்சி ஐ.ஐ.எம். தன் சென்னை மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நடத்தும் வார இறுதிப் படிப்பும் அனுபவத்தைத்தான் தகுதியாகக் கேட்கின்றன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தபிறகு, மாலை வகுப்பு முடித்து வீடு திரும்புவதும் முன்போல் அவதியில்லை.

பணம் கட்டுமுன் வீட்டில் கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகள் போதும். இந்தப் பட்டத்தை எந்த விதி, எந்த வேலை விளம்பரம் பெயர் சொல்லிக் கேட்கிறது? ஏ.ஐ.சி.டி.இ. அல்லது யு.ஜி.சி. பட்டியலில் இந்த நிறுவனம் இந்த ஆண்டு இருக்கிறதா? போன வருடம் இங்கே படித்தவர்கள் எந்தக் கம்பெனியில், எந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டாயிற்றா? கட்டணம் யாருடைய பணம்?

நான்காவது கேள்விக்குப் பதில் ‘அப்பாவின் செட்டில்மென்ட்’ என்றால் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் பாங்கில் டெபாசிட்டாக இருக்கட்டும், பிள்ளை ஒரு வருடம் சி.எஃப்.எஸ்.ஸிலோ சி.எச்.ஏ. ஆபீசிலோ ஆலையின் ஸ்டோர்ஸிலோ வேலை பார்க்கட்டும். டான்செட் அடுத்த வருடமும் வரும். செட்டில்மென்ட் ஒருமுறைதான் வரும்.