குடல் கட்டி, மென்திசுக் கட்டி: சரியாகக் கண்டறிய எங்கே செல்வது?

இரைப்பை, குடல் ஆகியவற்றின் சுவரிலும், தசை, கொழுப்பு, நரம்பு முதலிய மென்திசுக்களிலும் தோன்றும் கட்டிகள் பலவகைப்பட்டவை. மென்திசுக் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சார்கோமா எனப்படும் புற்றுக்கட்டி அரிது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதன் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. எனினும் அதில் 50க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஆகவே இவற்றை அடிக்கடி பார்த்துப் பழகிய மருத்துவக் குழு உள்ள இடமே நோயறிதலுக்கு ஏற்ற இடம்.

வகையை அறிவது ஏன் முக்கியம்?

இரைப்பையிலும் சிறுகுடலிலும் தோன்றும் 'ஜிஸ்ட்' கட்டி, நுண்ணோக்கியில் சாதாரணத் தசைக் கட்டியைப் போலவே தோன்றக்கூடும். சி.டி. 117, டாக்-1 என்னும் சிறப்புச் சாயச் சோதனைகளே இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. இக்கட்டிகளில் 'கிட்' மரபணு மாற்றம் இருப்பதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் பயனாக, இமாட்டினிப் மாத்திரை இன்று பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் சிலவகை மரபணு மாற்றங்களுக்கு அம்மாத்திரை பலன் தராது. எனவே மரபணுச் சோதனையும் தேவைப்படலாம்.

அவசரம் வேண்டாம்

5 செ.மீ.க்கு மேற்பட்ட, ஆழமான, அல்லது வளர்ந்து வரும் மென்திசுக் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று கருதி உடனே அகற்றிவிடக் கூடாது. முதலில் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன், பிறகு ஊசி வழித் திசுப் பரிசோதனை. ஊசி சென்ற பாதையையும் அறுவையின்போது சேர்த்து அகற்ற நேரிடலாம். ஆதலால் அறுவை செய்யப்போகும் மருத்துவரின் ஆலோசனைப்படியே பயாப்சி இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். பரிசோதனையின்றி வெட்டி எடுத்தால், எஞ்சிய செல்களை நீக்க மீண்டும் பெரிய அறுவை தேவைப்படக்கூடும்.

எங்கே செல்லலாம்?

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை (1941), சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் (1954), வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுதில்லி எய்ம்ஸ் ஆகியவை இத்துறையில் அனுபவம் மிக்கவை. எங்கு சென்றாலும் இரு வினாக்களைக் கேளுங்கள்: "சார்கோமா, ஜிஸ்ட் நோயாளிகளை இங்கு அடிக்கடி பார்க்கிறீர்களா? அறுவை, பாதாலஜி, ஸ்கேன், மருந்துச் சிகிச்சை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கிறார்களா?"

எடுத்துச் செல்ல வேண்டியவை

• மெழுகில் பதித்த திசு (பாரஃபின் பிளாக்), ஸ்லைடுகள்
• பாதாலஜி அறிக்கை
• ஸ்கேன் படங்கள் அடங்கிய சி.டி. வட்டு, அறிக்கை மட்டும் போதாது
• அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டுகள்

பிளாக்கைப் பரிசோதனைக் கூடத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். அதனை வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். வேறிடத்தில் ஒப்படைக்கும்போது ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அத்திசு தொலைந்தால் மறுபடி பயாப்சி செய்ய நேரிடலாம்; கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருந்தால் அதற்கும் வழியிராது.

இரண்டாவது கருத்துப் பெறுவதை எந்த மருத்துவரும் தவறாகக் கருதமாட்டார். தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.