நிறுத்தி வைத்த கார் ஓய்வெடுப்பதில்லை

மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் வாரக்கணக்கில் அசையவில்லை. மே 4ஆம் தேதி கட்டுப்பாடு தளர்ந்து, வேலைக்குப் புறப்பட்டுச் சாவியைத் திருப்பிய பலருக்கு 'டக் டக்' என்ற ஓசை மட்டுமே கேட்டது. இன்ஜினில் பழுது ஏதும் இல்லை. பேட்டரிதான் உயிரை விட்டிருந்தது.

அந்த ஆணை முடிந்து போனாலும் காரை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுச் செல்வோர் நம்மிடையே எப்போதும் உண்டு. மகளின் பிரசவத்திற்காக வெளிநாடு செல்லும் பெற்றோர், எண்ணெய் மேடையில் பணிபுரிவோர், தமிழ்நாட்டிற்குச் சிகிச்சைக்குப் போவோர் எனப் பலர். தண்ணீர்க் குழாயையும் எரிவாயுவையும் மறக்காமல் மூடுகிறவர்கள், காரின் போனட்டை மட்டும் திறந்து பார்ப்பதில்லை.

சாவியை எடுத்துவிட்டாலும் கார் ஓய்ந்துவிடுவதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் பூட்டு, இன்ஜின் கணினியின் நினைவகம் ஆகியவை இரவும் பகலும் மின்சாரத்தை உறிஞ்சிக் கொண்டிருக்கின்றன. நல்ல நிலையிலுள்ள காரிலேயே இது பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். 40 என்று வைத்துக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை வாரத்தில் பாதியாகிவிடும். ஐந்து வாரத்தில் காலி. நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் கேமரா பொருத்தியிருந்தால் இன்னும் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

காலியான பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால் போயிற்று என்பார்கள். அங்கேதான் நஷ்டம் இருக்கிறது. சார்ஜ் குறையக் குறைய, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டிப்பட்டு, தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகும். புதிய பேட்டரிகூட இப்படிக் கெட்டுப் போவதுண்டு.

ஆகவே புறப்படுமுன் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து (மீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்), பிறகு இணைப்பைக் கழற்றுவது நல்லது. பெரும்பாலான கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். ஆனால் எந்த முனையை முதலில் கழற்றுவது என்பதில்தான் உயிர் நிலையே இருக்கிறது.

முதலில் கழற்ற வேண்டியது கழித்தல் குறியிட்ட எதிர்முனை. காரின் இரும்பு உடல் முழுவதும் இந்த முனையோடு இணைந்திருக்கிறது. கூட்டல் குறியிட்ட நேர்முனையில் முதலில் கை வைத்து, ஸ்பேனரின் மறுநுனி போனட்டுக்குள் எங்காவது இரும்பில் பட்டுவிட்டால் போதும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஸ்பேனர் வழியே பாயும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு அருகில் இருக்குமானால் அந்தத் தீப்பொறியில் பேட்டரி வெடித்து, அமிலம் முகத்தில் தெறிக்கலாம். எதிர்முனையைக் கழற்றிவிட்ட பிறகு இந்த ஆபத்து இல்லை. மோதிரம், காப்பு, கைச்சங்கிலி ஆகியவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். கழற்றிய வயர் மீண்டும் முனையில் பட்டுவிடாதபடி உலர்ந்த துணியால் சுற்றி ஒதுக்கி வைத்தால் போதும். நேர்முனையைத் தொடவே தேவையில்லை.

பேட்டரி பின்புறப் பெட்டியில் இருக்கும் கார்களும், ஹைபிரிட் கார்களும் உண்டு. மின்சாரப் பூட்டு உள்ள பின்கதவை மூடிய பிறகு திறக்க முடியாமல் திண்டாட நேரிடலாம். அத்தகைய கார்களுக்கு உரிமையாளர் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இணைப்பு இல்லாத காரில் அலாரமும் ரிமோட்டும் வேலை செய்யா. சாவியால் பூட்டிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும்.

"வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வை" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுப்பது நம்மவர் வழக்கம். நின்ற இடத்திலேயே உறுமும் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. குளிர்சாதனத்தையும் போட்டுவிட்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பமே. அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுவதாக இருந்தால் மட்டுமே அந்த ஏற்பாட்டில் பொருள் உண்டு.

இணைப்பைக் கழற்றினாலும் பேட்டரி தானாகவே சிறிது சிறிதாகச் சார்ஜ் இழக்கும். நம் நாட்டு வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். மூன்று மாதம்வரை நல்ல பேட்டரி பெரும்பாலும் தாங்கிவிடும். அதற்கு மேல் போகுமானால், யாராவது இடையில் ஒரு முறை சார்ஜ் செய்ய வேண்டும்; அல்லது சார்ஜ் நிரம்பியதும் தானே குறைத்துக் கொள்ளும் பராமரிப்பு சார்ஜரை மாட்டி வைக்கலாம்.

திரும்பி வந்ததும் எதிர்முனையை மாட்டி இறுக்கினால் கார் தயார். இரு முனைகளையும் கழற்றியிருந்தால் நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும். சில வானொலிகள் இரகசிய எண் கேட்கும். இன்ஜின் முதல் சில கிலோமீட்டருக்குச் சற்றுத் தடுமாறினால், கணினி பழையபடி கற்றுக் கொள்கிறது என்று அர்த்தம். பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை.