கிரப் எங்கே போயிற்று?

விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு கணினியை இயக்கினால், உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல் வருவதில்லை. நேரே விண்டோஸ் திறந்துகொள்கிறது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "லினக்ஸ் போயிடுச்சு சார். ஃபார்மட் பண்ணி மறுபடி போட்டுடலாம்."

இந்த வாரம் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பதிலுக்கு எதிரானது. பெரும்பாலான நேரங்களில் லினக்ஸ் எங்கும் போயிருக்காது. உங்கள் கோப்புகள், படங்கள், பாதி எழுதிய ஆய்வேடு எல்லாம் வட்டில் வைத்த இடத்திலேயே இருக்கும். அவற்றுக்குக் கூட்டிச் செல்லும் சின்ன நிரல்தான் தொலைந்திருக்கும், அல்லது வரிசையில் பின்னுக்குப் போயிருக்கும். அதைத் திரும்ப வைக்க அரை மணி நேரம் போதும். ஃபார்மட் போட்டால்தான் உண்மையிலேயே எல்லாம் போகும்.

அந்தச் சின்ன நிரல்தான் பூட்லோடர். இன்று லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது கிரப். 1995இல் எரிக் போலின் என்பவர் குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தைத் துவக்குவதற்காக இதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பு லினக்ஸ்காரர்கள் நம்பியிருந்தது லைலோ. இயங்குதளத்தின் மையமான கெர்னல் வட்டின் எந்தெந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்பதை லைலோ எண்களாகக் குறித்து வைத்துக்கொள்ளும். புதுக் கெர்னல் வந்தால் மறக்காமல் லைலோவை மறுபடி ஓட்ட வேண்டும். மறந்தால் கணினி எழாது. கிரப் அப்படியில்லை. அதற்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் தானே போய், 'பூட்' கோப்புறையில் இருக்கும் தன் பட்டியலைப் படித்துக் கெர்னலை எடுத்துவரும். இந்த ஒரு திறமைதான் கிரப்பின் பலம். அதன் நோய்களில் ஒன்றும் இங்கிருந்தே வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கணினிகளை எழுப்பும் அடிப்படை நிரல் பயாஸ். அது முதலில் படிப்பது வட்டின் முதல் 512 பைட்டுகளை. அதில் 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட்டுகள் முத்திரைக்கு. மிஞ்சும் 446 பைட்டுகளில்தான் துவக்க நிரல் உட்கார வேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது. எனவே முதல் துண்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு, அடுத்த துண்டை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் அது ஒளித்துவைக்கும். விண்டோஸை நிறுவும்போது அந்த 446 பைட்டுகளின் மேல் விண்டோஸ் தன் நிரலை எழுதிவிடுகிறது. ஏற்கெனவே அங்கே இருந்தது யாருடையது என்று அது கேட்பதில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சிடாக் உருவாக்கிய இயங்குதளம் அது. விண்டோஸை மறுபடி போட்டதும் பாஸ் காணாமற்போன கதையை அந்தக் காலத்து மாணவர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அப்போது யாராவது 446 பைட் கதையைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் வருந்துகிறேன்.

கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய கணினி என்றால் கதை வேறு. அதில் பயாஸுக்குப் பதிலாக இருப்பது யூஇஎஃப்ஐ. வட்டில் ஃபேட் முறைமையில் ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் தானாக உருவாக்கினால் வழக்கமாக 100 எம்பி. அதற்குள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனிக் கோப்புறை: மைக்ரோசாஃப்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று. யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்த வரிசையில் விண்டோஸ் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும். உபுண்டுவின் கோப்புறை அப்படியே இருக்கும். வீடு இடியவில்லை, தெருமுனைப் பெயர்ப்பலகையைத்தான் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, எதையும் நிறுவாமல் பார்ப்பது. கணினியை இயக்கியதும் துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்துங்கள். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. வரும் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் எழும். பிறகு யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய் அந்தப் பெயரை மேலே ஏற்றிவிட்டால் போதும். லினக்ஸுக்குள்ளிருந்தே இதைச் செய்ய 'இஎஃப்ஐ பூட் மேனேஜர்' என்ற கட்டளையும் உண்டு. யூஇஎஃப்ஐயைப் புதுப்பித்த பிறகு பெயரே அழிந்துபோவதும் நடக்கும். அப்போதும் கோப்பு பத்திரமாகவே இருக்கும். இதே கட்டளையால் பெயரை மறுபடி பதியலாம்.

பட்டியலில் பெயர் இருந்தும், தேர்ந்தெடுத்த பிறகு கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால் அது வேறு நோய். முன்னே சொன்னேனே, கிரப் தன் பட்டியலையும் துணை நிரல்களையும் லினக்ஸ் பார்ட்டிஷனிலிருந்து எடுக்கிறது என்று. அந்தப் பார்ட்டிஷன் அதன் கண்ணில் படவில்லை என்பதே இந்தத் திரையின் பொருள். இடம் போதவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எதையாவது அழித்தாலோ, பிரித்தாலோ, பார்ட்டிஷன் எண்கள் மாறினாலோ இப்படி ஆகும். லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. பெயரில்லாத ஒரு கட்டமாகவே அது காட்டும். 'இது எதற்கு இருக்கிறது' என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். அப்படி அழித்திருந்தால் அந்த வட்டில் இனி எதையும் எழுதாதீர்கள். அதை மீட்பது தனிக் கலை. எண் மட்டும் மாறியிருந்தால் பயம் வேண்டாம். ரெஸ்க்யூ திரையில் ஓடுவது நாலைந்து கட்டளைகள்தான்: பார்ட்டிஷன்களைப் பட்டியலிடுவது, கிரப் கோப்புறை எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுவது, அந்த இடத்தைக் கிரப்புக்குச் சொல்வது, 'நார்மல்' என்ற துணை நிரலை ஏற்றி ஓட்டுவது. பழைய பட்டியல் திரும்ப வரும். ஆனால் இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. நிலையாக நிற்க வேண்டுமென்றால் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

அதற்கு வேண்டியது லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டு போட்ட விண்டோஸ் என்றால், அதன் மீட்புச் சாவியை முதலில் வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துவக்கத்தில் கை வைத்ததும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். லினக்ஸ் முதலில் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் பென் டிரைவையும் அதே முறையில் துவக்க வேண்டும். துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தவறான முறையில் துவக்கிச் செய்த பழுதுபார்ப்பு, செய்யாததற்குச் சமம்.

'முயன்று பார்' என்ற வசதியில் லினக்ஸ் எழுந்ததும் டெர்மினலைத் திறந்து பார்ட்டிஷன்களைப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 என்று காட்டுவது உங்கள் லினக்ஸ். ஃபேட் என்று காட்டும் சிறியது துவக்கப் பார்ட்டிஷன். லினக்ஸை ஒரு கோப்புறையில் பொருத்தி, அதற்குள் துவக்கப் பார்ட்டிஷனை அதற்குரிய இடத்தில் பொருத்த வேண்டும். வன்பொருள் விவரங்கள் வாழும் மெய்நிகர் கோப்புறைகளையும் அதோடு இணைக்க வேண்டும். அடுத்து 'சிஹெச்ரூட்'. இந்தக் கட்டளைக்குப் பிறகு, பென் டிரைவிலிருந்து எழுந்த கணினியில் நீங்கள் இடும் கட்டளைகள் எல்லாம் வட்டில் படுத்திருக்கும் உங்கள் பழைய லினக்ஸுக்குள் ஓடும். எனக்கு இது இன்றும் வியப்பைத் தரும் இடம். துவங்க முடியாத ஓர் இயங்குதளம், தன் துவக்க நிரலைத் தானே எழுதிக்கொள்கிறது. 'கிரப் இன்ஸ்டால்' ஓட்டினால் நிரல் இடத்துக்கு வரும். 'அப்டேட் கிரப்' ஓட்டினால் பட்டியல் புதிதாக உருவாகும். பழைய பயாஸ் கணினியில் முதல் கட்டளைக்கு வட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷனின் பெயரை அல்ல. கட்டளை எழுத அஞ்சுகிறவர்களுக்கு 'பூட் ரிப்பேர்' என்ற செயலி இதையெல்லாம் ஒரு பொத்தானில் செய்து தரும்.

ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யூஇஎஃப்ஐ கணினியில் அங்கே 'கிரப் இன்ஸ்டால்' ஓட்டக் கூடாது. அது உருவாக்கும் கோப்பில் கையொப்பம் இருக்காது. கையொப்பமில்லாததைத் துவக்க விடாத பாதுகாப்பு வசதியான செக்யூர் பூட் அதை ஏற்காது. கையொப்பமிட்ட ஷிம், கிரப் ஆகிய தொகுப்புகளை மறுபடி நிறுவுவதே அங்கே சரியான வழி.

செக்யூர் பூட் என்றதும் 2024 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. அந்த மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, இரண்டு இயங்குதளம் வைத்திருந்த பலருடைய லினக்ஸ் எழ மறுத்தது. பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தி மட்டும் திரையில் வந்தது. கிரப் தொலையவில்லை. கிரப்பில் 2022இல் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் ஓட்டையை அடைக்க, பழைய பதிப்புகளை மைக்ரோசாஃப்ட் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு அது போகாது என்று சொல்லியும் போய்விட்டது. அடுத்தவர் வீட்டுப் பூட்டைக் கேட்காமல் மாற்றிய செயல் அது. நோக்கம் பாதுகாப்புதான் என்றாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. தீர்வு, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய், அந்தத் தடைப்பட்டியலை நீக்கிவிட்டுச் செக்யூர் பூட்டை மறுபடி இயக்குவது. நிலையான திருத்தம் 2025 மே மாதம்தான் வந்தது.

எல்லாம் சரியாகி லினக்ஸ் எழுந்த பிறகு, பட்டியலில் விண்டோஸைக் காணவில்லை என்று சிலர் பதறுவார்கள். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைக் கிரப் தானாகச் செய்வதில்லை. 'எட்ஸி' கோப்புறையில் 'டிஃபால்ட்' என்பதற்குள் கிரப் அமைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் தேடலை முடக்கும் வரிக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து, 'அப்டேட் கிரப்'பை மறுபடி ஓட்டுங்கள். அது ஓடும்போதே திரையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' கிடைத்தது என்ற வரி வரும். அதைப் பார்த்த பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யலாம்.

அழித்துவிட்ட லினக்ஸ் பார்ட்டிஷனை டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி கொண்டு மீட்பது பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)